கேம் எத்தனை டிகிரி போடலாம்? டர்பனிலும் ஜோபர்க்கிலும் நம் ஆட்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், மெரேபாங்க், மேலே ஜோபர்க் (ஜோஹன்னஸ்பர்க்) பக்கம் லெனேசியா என்று நம் ஆட்கள் இருக்கும் ஊரிலெல்லாம் ஏதாவது ஒரு வீட்டு முற்றத்தில் சிட்டி கோல்ஃபோ கொரோல்லாவோ பானெட்டைத் திறந்தபடி நிற்கும். சுற்றி நாலு பேர் நிற்பார்கள். அவர்களில் ஒருவராவது "அண்ணா, இதுக்கு எத்தனை டிகிரி கேம் போடலாம்?" என்று கேட்பார். கேம் என்றால் என்ஜின் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் தண்டு, டிகிரி என்றால் வால்வு திறந்திருக்கும் அளவு. நல்ல கேள்விதான், ஆனால் அதற்கு ஒரே எண்ணில் பதில் கிடையாது. கார் எந்த ஊரில் ஓடுகிறது, கம்ப்ரஷன் (சிலிண்டர் மிக்ஸரை எத்தனை மடங்கு அமுக்குகிறது) எவ்வளவு, தினமும் ஓட்டுகிற காரா ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓடுகிற காரா என்று தெரியாமல் எண் சொல்பவர் உங்கள் பணத்தை வைத்து விளையாடுகிறார். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்து எழுதுகிறேன்.

கேம் உண்மையில் என்ன வேலை செய்கிறது?

பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டு இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்றும். வால்வு எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு தூரம் திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்ற மூன்றையும் கேமில் உள்ள லோபின் (முட்டை மாதிரிப் புடைப்பின்) வடிவம்தான் முடிவு செய்கிறது.

பிஸ்டன் கீழே இறங்கி முடிந்தவுடன், காற்றை உள்ளே விடும் இன்லெட் வால்வு மூடிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நடப்பதில்லை. காற்றுக்கும் எடை இருக்கிறது, வேகமாக உள்ளே வந்துகொண்டிருக்கும் காற்று பிஸ்டன் திரும்பி மேலே ஏறத் தொடங்கிய பிறகும் கொஞ்ச நேரம் வந்துகொண்டேதான் இருக்கும். அதனால் பெரும்பாலான என்ஜின்களில் இன்லெட் வால்வு பிஸ்டன் அடிமுனையைத் தாண்டிய பிறகுதான் மூடுகிறது. வேகம் கூடக் கூட எவ்வளவு தாமதமாக மூடுகிறதோ அவ்வளவு நல்லது. வேகம் குறைவாக இருக்கும்போது அதே தாமதம் உள்ளே வந்த காற்றைத் திரும்ப மேனிஃபோல்டுக்கே (காற்று வரும் குழாய்க்கே) தள்ளிவிடும். மேலே பவர் வேண்டுமா, கீழே இழுவை வேண்டுமா என்று கேம் விஷயத்தில் வரும் சண்டை முழுவதும் இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது.

கேமோடு வரும் அட்டையில் நாலைந்து எண் இருக்கிறது, எப்படிப் படிப்பது?

ஒரு உதாரணத்தோடு பார்ப்போம். அட்டையில் 26/66, 66/26 என்று போட்டிருக்கிறது. இன்லெட் வால்வு பிஸ்டன் மேல்முனைக்கு வர 26 டிகிரி இருக்கும்போது திறக்கிறது, அடிமுனையைத் தாண்டி 66 டிகிரியில் மூடுகிறது. புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு அடிமுனைக்கு 66 டிகிரி முன்னால் திறந்து மேல்முனை தாண்டி 26-ல் மூடுகிறது. எல்லாமே கிராங்க் டிகிரி.

இன்லெட் திறந்திருக்கும் மொத்த அளவு 26 + 180 + 66, அதாவது 272. இதுதான் டியூரேஷன். அதில் பாதி 136, அதிலிருந்து 26-ஐக் கழித்தால் 110. வால்வு முழுதாகத் திறக்கும் இடம் மேல்முனைக்குப் பின் 110 டிகிரியில் இருக்கிறது என்று பொருள், இதை இன்லெட் சென்டர்லைன் என்பார்கள். எக்ஸாஸ்டுக்கும் அதே கணக்குதான், மேல்முனைக்கு முன் 110. இரண்டுக்கும் சராசரி எடுத்தால் லோப் இடைக்கோணம், அதாவது இன்லெட் லோபுக்கும் எக்ஸாஸ்ட் லோபுக்கும் நடுவே உள்ள கோணம், 110. இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் 26 + 26 = 52 டிகிரி, அதுதான் ஓவர்லேப்.

இந்தக் கூட்டல் கழித்தலைப் பழகிக்கொள்ளுங்கள், பிறகு எந்த அட்டையைக் கொடுத்தாலும் அந்த கேம் எப்படி நடந்துகொள்ளும் என்று காரில் போடுவதற்கு முன்பே ஓரளவு சொல்லிவிடலாம். இருப்பதில் ஒரே ஒரு எண்ணைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் பார்ப்பது இன்லெட் மூடும் இடம். மேலே உள்ள கேமில் அது 66.

ஒரு கடையில் 272 என்கிறார்கள், இன்னொரு கடையில் 276. இரண்டாவதுதான் பெரிய கேமா?

சொல்ல முடியாது. வால்வு எவ்வளவு தூக்கிய இடத்திலிருந்து அளந்தார்கள் என்று கேளுங்கள். விளம்பர டியூரேஷன் என்பது வால்வு மெல்ல அசையத் தொடங்கும் இடத்திலிருந்து எடுப்பது, அந்த இடத்தை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் வசதிக்கு வைத்துக்கொள்கிறார். ஒருவர் 0.1 மில்லிமீட்டர் என்பார், இன்னொருவர் அதைவிடக் கூட வைப்பார். ஆகவே 1 மில்லிமீட்டர் லிஃப்டில் எத்தனை டிகிரி என்று கேட்டு வாங்குங்கள். அமெரிக்க கேம் என்றால் 0.050 இஞ்ச், அது 1.27 மில்லிமீட்டர். விளம்பரத்தில் 276 என்று இருக்கும் கேம் இந்த அளவில் 230-ஐ ஒட்டி வரலாம், அதில் பயப்பட ஒன்றும் இல்லை. ஒப்பிடும்போது ஒரே லிஃப்டில் எடுத்த எண்ணோடு எண்ணை ஒப்பிட வேண்டும், அவ்வளவுதான். 1 மில்லிமீட்டர் எண்ணைத் தர மாட்டேன் என்கிற கடையில் நான் வாங்க மாட்டேன்.

விளம்பர எண் ஒன்றாக இருக்கும் இரண்டு கேமில் 1 மில்லிமீட்டர் எண் எதில் பெரியதோ அது வால்வை வேகமாகத் தூக்குகிறது. சாலைக்கு அது நல்லது, வால்வை மூடும் ஸ்பிரிங்குக்குக் கூடுதல் வேலை.

லிஃப்ட் எவ்வளவு இருந்தால் போதும்?

வால்வு விட்டத்தில் கால் பங்கு தூக்கியதும், வால்வைச் சுற்றி இருக்கும் திறப்பும் வால்வின் பரப்பும் சமமாகிவிடும். 40 மில்லிமீட்டர் வால்வுக்கு அது 10 மில்லிமீட்டர். அதற்கு மேல் தூக்கினால் பயனே இல்லை என்று சிலர் சொல்வது சரியில்லை, உச்சியில் அதிகம் தூக்கும் கேம் அந்த 10 மில்லிமீட்டரைச் சுற்றிக் கூடுதல் நேரம் இருக்கும். ஆனால் போர்ட்டை (காற்று போகும் வழியை) அகலப்படுத்தாத பழைய சிலிண்டர் ஹெட்டில் காற்று அதற்கு முன்பே திணறத் தொடங்கிவிடும். அப்போது கூடுதல் லிஃப்டுக்குக் கொடுத்த பணம் ஸ்பிரிங்கையும் கைடையும் தேய்க்கத்தான் போகும்.

இன்னொன்று. ஃபோர்டு கென்ட் மாதிரி புஷ்ராட் என்ஜினில், அதாவது கீழே இருக்கும் கேம் கம்பியால் வால்வை இயக்கும் என்ஜினில், லோப் லிஃப்ட் வேறு, வால்வு லிஃப்ட் வேறு, வால்வை அழுத்தும் நெம்புகோலின் விகிதத்தால் (ராக்கர் விகிதம்) பெருக்க வேண்டும். கோல்ஃபில் லோப் நேராக வால்வின் மேல் கவிழ்ந்திருக்கும் பக்கெட் டேப்பெட்டின் மேல் உட்காருவதால் இரண்டும் ஒன்றுதான், சாலிட் டேப்பெட் (எண்ணெய் அழுத்தத்தால் தானே நீளாதது) என்றால் இடைவெளியைக் கழித்துக்கொள்ளுங்கள்.

டர்பனில் பறந்த கார் ஜோபர்க் போனதும் ஏன் சோர்ந்து போகிறது? கேம் காரணமா?

உயரம்தான் முதல் காரணம், கேம் அதை மோசமாக்குகிறது. நம் நாட்டில் கேம் தேர்ந்தெடுப்பவர்கள் இதை விட்டுவிட்டு யோசிக்கவே கூடாது, வெளிநாட்டுக் கேம் அட்டையில் எழுதியிருப்பதெல்லாம் கடல்மட்டத்தை மனதில் வைத்து எழுதியது.

டர்பனில் காற்றழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். ஜோபர்க் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே 82, 83-தான். அதாவது டர்போ இல்லாத என்ஜின் ஒவ்வொரு மூச்சிலும் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவான காற்றை இழக்கிறது. கம்ப்ரஷன் கேஜிலும் இது தெரியும். டர்பனில் 180 பிஎஸ்ஐ காட்டும் என்ஜின் ஜோபர்க்கில் 150-க்குப் பக்கத்தில் காட்டும். ரிங் போய்விட்டது என்று என்ஜினைப் பிரித்துவிடாதீர்கள்.

இப்போது இதோடு பெரிய கேமைச் சேர்த்துப் பாருங்கள். இன்லெட் வால்வு மூடிய பிறகுதான் உண்மையான அமுக்கம் தொடங்குகிறது. 1.8 கோல்ஃபின் ஸ்ட்ரோக் 86.4 மில்லிமீட்டர். கம்ப்ரஷன் 10-க்கு 1 என்று வைத்துக்கொள்வோம். இன்லெட் 66 டிகிரியில் மூடினால் பிஸ்டனுக்கு மேலே ஏற இன்னும் 66 மில்லிமீட்டர் இருக்கும், உண்மையான கம்ப்ரஷன் 8-க்குச் சற்றுக் குறைவாக நிற்கும். 304 டிகிரி கேமை 108 சென்டர்லைனில் போட்டால் இன்லெட் 80 டிகிரியில்தான் மூடும், மீதி 57 மில்லிமீட்டர், உண்மையான கம்ப்ரஷன் 7-ஐக்கூடத் தொடாது. கடல்மட்டத்திலேயே 3,000 ஆர்பிஎம்-க்குக் கீழே அந்தக் கார் இழுக்காது. ஜோபர்க்கில் காற்றும் குறைந்தபின் ரோபோட்டில் (டிராஃபிக் லைட்டில்) பச்சை விழுந்து கிளம்புவதற்குள் பின்னால் இருப்பவர் ஹார்ன் அடித்துவிடுவார்.

அதனால் ஒரே என்ஜினுக்கு டர்பனில் 276 பொருந்தினால் ஜோபர்க்கில் அதற்கு ஒரு படி கீழே இறங்குங்கள், இல்லையென்றால் கம்ப்ரஷனை ஏற்றுங்கள். உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் நாக்கிங் (மிக்ஸர் நேரம் தப்பி வெடிப்பது) ஆபத்தும் குறைவு, உள்நாட்டில் 93 ஆக்டேன் பெட்ரோல் விற்பதே அதனால்தான். ஹெட்டைச் சீவி 11-க்கு 1 வரை கொண்டுபோய் அங்கே நிம்மதியாக ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

ஆனால் அந்தக் கார் ஈஸ்டருக்கு இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்கு என்3-ல் இறங்கி வரும்போது என்ன ஆகும்? வான் ரீனன் கணவாய் தாண்டி இறங்க இறங்க முழு அழுத்தக் காற்று திரும்பி வருகிறது, டாங்கில் ஜோபர்க்கில் நிரப்பிய 93, தீப்பொறி டைமிங் ஜோபர்க்குக்கு வைத்தது. பைன்டவுன் வருவதற்குள் பிஸ்டன் உடைந்த கதைகளை நம் வீடுகளில் கேட்டிருப்பீர்கள். கிளம்பும்போதே 95 நிரப்புங்கள், இறங்கும்போது டைமிங்கை இரண்டு மூன்று டிகிரி பின்னால் தள்ளுங்கள், குடும்பத்தோடு போகிற காரில் இதை அலட்சியம் செய்யாதீர்கள்.

தினமும் வேலைக்குப் போகும் சிட்டி கோல்ஃபுக்கு எது?

1984 முதல் 2009 வரை யூட்டன்ஹேக்கில் செய்த கார், 1.6-ம் 1.8-ம் தெருவுக்குத் தெரு இருக்கிறது, எனவே அதிகம் வரும் கேள்வி இதுதான். தொழிற்சாலை ஹெட், தொழிற்சாலை கம்ப்ரஷன், இன்ஜெக்ஷன் என்றால் 260-க்குப் பக்கத்தில், அதிகம் போனால் 268. பிராஞ்சும் (எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு) ஃப்ரீ ஃப்ளோ சைலன்சரும் போட்டு, ஹெட்டைக் கொஞ்சம் சுத்தம் செய்து, கம்ப்ரஷனை 10-க்கு மேல் கொண்டுவந்தால் 272, 276 மிக நன்றாக இருக்கும். 288 என்றால் இரட்டை சைட் டிராஃப்ட் கார்புரேட்டர், 10.5-க்கு மேல் கம்ப்ரஷன், போர்ட் செய்த ஹெட், அதோடு கியரும் மாற வேண்டும். 300-க்கு மேல் டிராக் கார்.

இந்த எண்கள் எல்லாமே விளம்பர டியூரேஷன், 8 வால்வு என்ஜின். நீங்கள் ஹிகின்சன் ஹைவேயில் காலை நெரிசலில் ஊர்ந்து, மாலையில் ஃபீல்ட்ஸ் ஹில் ஏறுகிறவர் என்றால் உங்கள் என்ஜின் நாளில் பெரும்பகுதி 2,000-க்கும் 4,000-க்கும் இடையில்தான் வாழ்கிறது. 6,500-ல் வரும் கிலோவாட்டுக்காக அந்த இடத்தை விற்றுவிடாதீர்கள். இரண்டு கேமுக்கு நடுவே தயங்கினால் சின்னதை எடுங்கள் என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன், சின்னதை எடுத்துவிட்டு வருந்திய ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

கார் நிற்கும்போது கடகடவென்று ஆடும் அந்தச் சத்தம் வேண்டும். அதற்கு எந்த கேம்?

அந்தச் சத்தம் ஓவர்லேப் தருவது. இரண்டு வால்வும் திறந்திருக்கும்போது மெதுவான வேகத்தில் எரிந்த புகை இன்லெட் பக்கம் திரும்பி வந்து புது மிக்ஸரைக் கெடுக்கிறது, சில சிலிண்டர் சரியாக எரியாது, அதுதான் ஆட்டம். மேலே சொன்ன 272 கேமில் ஓவர்லேப் 52. 304-ஐ 108-ல் போட்டால் 88.

இதில் பேசப்படாத ஆபத்து பிரேக். நல்ல நிலையில் இருக்கும் சாதாரண என்ஜின் கடற்கரையில் ஐட்லிங்கில் 17-லிருந்து 21 இஞ்ச் (பாதரச அளவு) வேக்யூம், அதாவது மேனிஃபோல்டில் உறிஞ்சல், காட்டும். ஜோபர்க்கில் அதே என்ஜின் 5 இஞ்ச் குறைவாகக் காட்டும். அதன் மேல் பெரிய ஓவர்லேப் வந்தால் அந்த உறிஞ்சலால் பெடலை லேசாக்கும் பிரேக் சர்வோவுக்கு இழுக்க எதுவும் மிஞ்சாது, பெடல் கல் மாதிரி ஆகிவிடும். சத்தத்துக்காக கேம் வாங்கும் தம்பிகளே, ஒரு வேக்யூம் கேஜ் வாங்குங்கள், விலை மலிவு. மேனிஃபோல்டு அழுத்தத்தைப் பார்த்துப் பெட்ரோல் அளக்கும் இன்ஜெக்ஷன் கார்களும் இதே காரணத்தால் குழம்பும், அவற்றின் கம்ப்யூட்டரில் உள்ள மேப்பை (பெட்ரோல் அளவு அட்டவணையை) திரும்ப எழுதியாக வேண்டும்.

லோப் இடைக்கோணம் 106-க்கும் 112-க்கும் என்ன வித்தியாசம்?

குறுகினால் ஓவர்லேப் கூடும், டார்க் நடுவில் கூராக எழும், ஐட்லிங் கெடும். அகன்றால் ஐட்லிங் அமைதியாகும், டார்க் பரந்து கிடக்கும். இன்ஜெக்ஷன் காருக்கும் டர்போவுக்கும் அகன்றதே நல்லது. சைட் டிராஃப்ட் போட்டு உச்சத்தில் ஓட்டும் காருக்குக் குறுகியது.

கொரோல்லா 16 வால்வு, 20 வால்வு, ஹோண்டா விடெக், இவற்றுக்கும் இதே கணக்கா?

கணக்கு ஒன்றுதான், எண் மாறும். ஒரு சிலிண்டருக்கு நாலைந்து வால்வு இருந்தால் குறைந்த லிஃப்டிலேயே நிறையக் காற்று போய்விடும், அதனால் 8 வால்வில் 276 செய்யும் வேலையை இங்கே அதைவிடக் குறைந்த டியூரேஷனே செய்துவிடும். இரண்டு கேம் தனித்தனியாக இருப்பது பெரிய வசதி. வெர்னியர் புல்லி (டிகிரி டிகிரியாக நகர்த்தக்கூடியது) போட்டால் லோப் இடைக்கோணத்தையே நீங்கள் டைனோவில் (பவர் அளக்கும் மேடையில்) நின்றுகொண்டு மாற்றலாம். ஒற்றைக் கேம் கோல்ஃபில் அந்தக் கோணத்தைக் கிரைண்ட் செய்தவர் முடிவு செய்துவிட்டார், நீங்கள் மொத்தமாக முன்னே பின்னேதான் நகர்த்த முடியும்.

கொரோல்லா ஆர்எக்ஸ்ஐ-யில் வந்த 20 வால்வு 4ஏஜிஇ என்ஜினில் இன்லெட் கேம் ஓடும்போதே முன்னே நகரும். அப்படி நகரும் கேமில் வால்வு பிஸ்டனுக்கு மிக அருகில் வருவது முழுதாக முன்னே தள்ளிய நிலையில்தான், இடைவெளியை அந்த நிலையில் வைத்து அளக்க வேண்டும். விடெக்கில் மெதுவான ஓட்டத்துக்கு ஒரு லோப், வேகத்துக்கு ஒரு லோப் என்று இரண்டுமே ஒரே கேமில் இருக்கின்றன, அதை அப்படியே விட்டுவிட்டு பிராஞ்சிலும் மேப்பிலும் செலவு செய்வதுதான் என் ஆலோசனை.

தொழிற்சாலைக் கார்களில் பெரிய கேம் வந்ததே இல்லையா?

வந்தது, இந்த மண்ணிலேயே. ஓப்பல் கேடட் சூப்பர் பாஸ் ஞாபகம் இருக்கிறதா? 1990-களின் தொடக்கத்தில் குரூப் என் (தொழிற்சாலைக் கார்களுக்கான) பந்தயத்துக்காக வந்த 2 லிட்டர் 16 வால்வு. ஷ்ரிக் நிறுவனத்தின் 276 டிகிரி கேம்கள், 125 கிலோவாட். அதற்குக் கீழே இருந்த 16 வால்வு ஜிஎஸ்ஐ 110 கிலோவாட்தான் தந்தது. பந்தயத்தில் பிஎம்டபிள்யூ 325ஐஎஸ்-ஐ அடிக்கவே கட்டிய காரில் தொழிற்சாலை நிறுத்திய எண் 276. வேலைக்குப் போகும் காரில் 304 கேட்கும் தம்பிக்கு நான் முதலில் காட்டும் எண் அது.

பழைய கேமை ரீகிரைண்ட் (மறுபடி அரைத்தல்) செய்வதா, புது பிளாங்கில் (இன்னும் அரைக்காத கேமில்) செய்வதா?

ரீகிரைண்ட் மலிவு, பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள், சரியாகச் செய்தால் நன்றாகவே ஓடும். இருக்கும் லோபின் மேல் உலோகம் சேர்க்காமல் லிஃப்டைக் கூட்ட ஒரே வழி அடிவட்டத்தை (வால்வைத் தூக்காத வட்டப் பகுதியை) சீவுவது. அடிவட்டம் சிறுத்தால் டேப்பெட் லோபை எட்ட வேண்டிய தூரம் கூடுகிறது. சாலிட் பக்கெட்டில் அதற்குத் தடித்த ஷிம் (இடைவெளியை நிரப்பும் தகடு) வேண்டும், ஹைட்ராலிக்கில் டேப்பெட் தானே நீண்டு ஈடுகட்டும், ஆனால் அதற்கும் எல்லை உண்டு, எல்லை தாண்டினால் சூடான பிறகும் டிக் டிக் நிற்காது.

அதைவிட முக்கியமானது கடினப்படுத்திய மேல்தோல். வார்ப்பிரும்பு கேமின் லோப் மேலே ஓரளவு ஆழத்துக்குத்தான் கடினமாக இருக்கும், அதைத் தாண்டி அரைத்துவிட்டால் மென்மையான இரும்பில் டேப்பெட் ஓடும், லோப் சீக்கிரமே வட்டமாகிவிடும். பெரிய மாற்றம் வேண்டுமென்றால் புது பிளாங்க். மிதமான 260-களுக்கு ரீகிரைண்ட் போதும். அரைத்த பிறகு மேற்பரப்புக்கு என்ன சிகிச்சை கொடுத்தீர்கள் என்று கேளுங்கள், பதில் தெளிவாக வரவில்லை என்றால் வேறு இடம் பாருங்கள்.

சாலிட் டேப்பெட் கேமை ஹைட்ராலிக் ஹெட்டில் போடலாமா?

கூடாது. கோல்ஃபில் இரண்டு வகை ஹெட்டும் உண்டு. சாலிட் கேமின் லோபில் இடைவெளியை மெல்ல மூடுவதற்கென்று ஒரு சரிவு இருக்கும், ஹைட்ராலிக்கில் அது தேவையில்லை, அடிவட்டமும் வேறு. ஹெட்டுக்கு உரிய கேமைத்தான் வாங்க வேண்டும்.

கேம் மட்டும் வாங்கினால் போதுமா?

போதாது. லிஃப்ட் கூடினால் ஸ்பிரிங் முழுதாக அமுங்கிச் சுருள் சுருளோடு மோதலாம், முழு லிஃப்டில் குறைந்தது 1.5 மில்லிமீட்டர் மிச்சம் இருக்க வேண்டும். ஸ்பிரிங்கைப் பிடிக்கும் ரிடெய்னர் வால்வு சீலில் இடிக்கிறதா என்று பாருங்கள். பழைய ஸ்பிரிங்கோடு 7,000-க்கு விரட்டினால் வால்வு லோபை விட்டு மிதக்கும், அப்புறம் நடப்பதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடையே இன்லெட்டில் 2 மில்லிமீட்டர், எக்ஸாஸ்டில் 2.5 மில்லிமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸாஸ்ட் வால்வு சூட்டில் நீளும், அதிவேகத்தில் பிஸ்டனும் அதைத் துரத்திக்கொண்டு வரும், அதனால்தான் அதற்குக் கூடுதல் இடம். பிளாஸ்டிசீனைப் பிஸ்டன் மேல் அப்பி, எண்ணெய் தடவி, ஹெட்டைப் பழைய கேஸ்கெட்டோடு இறுக்கி, என்ஜினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிக் கழற்றி, மெலிந்த இடத்தை வெட்டி அளக்கலாம். முழு லிஃப்டில்தான் மோதும் என்று நினைப்பது தவறு, ஆபத்தான இடம் மேல்முனைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுமார் 10 டிகிரியில் இருக்கிறது. ஹைட்ராலிக் என்றால் சோதனைக்கு மட்டும் சாலிட் டேப்பெட் போட்டுக்கொள்ளுங்கள், எண்ணெய் இல்லாத ஹைட்ராலிக் அமுங்கி உங்களுக்கு இல்லாத இடைவெளியைக் காட்டும்.

புல்லியில் உள்ள புள்ளியைச் சேர்த்துப் பெல்ட் மாட்டினால் போதாதா? டிகிரி வீல் எதற்கு?

ஹெட்டைச் சீவியிருந்தால் நிச்சயம் போதாது. ஹெட் கீழே இறங்கும்போது கேமுக்கும் கிராங்குக்கும் இடைத்தூரம் குறைகிறது, மிஞ்சிய பெல்ட்டை டென்ஷனர் இழுத்துக்கொள்கிறது, கேம் பின்தங்கிவிடுகிறது. கம்ப்ரஷனுக்காகச் சீவிவிட்டு புள்ளிக்குப் புள்ளி மாட்டி, கீழே இழுவையே இல்லை என்று கேமைத் திட்டுகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும், பாதி நேரம் கேமில் குற்றமே இருக்காது.

செய்முறை கடினம் அல்ல. பிஸ்டன் ஸ்டாப்பை வைத்து உண்மையான மேல்முனையைக் கண்டுபிடியுங்கள், டிகிரி வீலில் சுழியத்தை அங்கே வையுங்கள். டயல் கேஜை முதல் சிலிண்டர் இன்லெட் பக்கெட்டின் மேல் நிறுத்துங்கள். என்ஜினை எப்போதும் ஓடும் திசையிலேயே சுற்றி, உச்சிக்கு 1 மில்லிமீட்டர் முன்னும் உச்சியைத் தாண்டி 1 மில்லிமீட்டர் பின்னும் வீல் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 84-ம் 140-ம் வந்தால் நடு 112. அட்டை 110 என்கிறது என்றால் உங்கள் கேம் 2 டிகிரி பின்தங்கியிருக்கிறது, வெர்னியர் புல்லியில் முன்னே தள்ளுங்கள்.

அட்டையைவிட 2, 3 டிகிரி வேண்டுமென்றே முன்னே வைக்கலாம், கீழே இழுவை கூடும், மேலே கொஞ்சம் போகும். பின்னே வைத்தால் நேர்மாறு. ஜோபர்க் கார்களுக்கு நான் முன்னேதான் வைக்கச் சொல்வேன். நகர்த்திய பிறகு வால்வு இடைவெளியை மறுபடி பாருங்கள், முன்னே தள்ளினால் இன்லெட் வால்வு பிஸ்டனை நெருங்கும்.

டர்போ போட்டிருக்கிறேன், எனக்கும் 288 வேண்டுமா?

வேண்டாம். பெரும்பாலான டர்போ கார்களில் டர்பைனுக்கு முன்னால் எக்ஸாஸ்ட் அழுத்தம் இன்லெட் அழுத்தத்தைவிட அதிகம், ஓவர்லேப் நேரத்தில் புகை திரும்பி உள்ளே வரும். இடைக்கோணம் 112, 114, டியூரேஷன் மிதம், லிஃப்ட் நன்றாக. பவருக்கு பூஸ்ட் இருக்கிறது.

புது கேம் மாட்டியபின் முதல் தடவை எப்படி ஸ்டார்ட் செய்வது?

டேப்பெட் நேராக லோபில் உரசும் எந்த என்ஜினுக்கும் முதல் 20 நிமிடம் கேமின் ஆயுளை முடிவு செய்கிறது. புது கேமுக்குப் புது டேப்பெட், பழைய டேப்பெட் பழைய லோபின் தேய்மானத்தைச் சுமந்து வருவதால் புதியதைத் தின்றுவிடும். எல்லா லோபிலும் அசெம்பிளி பேஸ்ட் தடவுங்கள். தண்ணீர், எண்ணெய், பெட்ரோல், டைமிங் எல்லாம் முன்பே சரிபார்த்து, முதல் சாவியிலேயே பிடிக்கும்படி வையுங்கள், சும்மா கிராங்க் செய்தால் பேஸ்ட் துடைத்துப் போகும். பிடித்ததும் ஐட்லிங் விடாமல் 2,000-க்கும் 2,500-க்கும் இடையே ஏற்றி இறக்கி 20 நிமிடம் ஓட்டுங்கள். மெதுவான ஓட்டத்தில்தான் ஸ்பிரிங்கின் முழு பாரமும் லோபின் மூக்கில் இறங்குகிறது, தெறிக்கும் எண்ணெயும் அப்போது குறைவு. இரட்டை ஸ்பிரிங் என்றால் உள் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு இதைச் செய்துவிட்டுப் பிறகு மாட்டுபவர்கள் உண்டு, மிக நல்ல பழக்கம். துத்தநாகம் அதிகமுள்ள எண்ணெய் கேட்டு வாங்குங்கள், புதிய கார்களுக்கான மெல்லிய எண்ணெய்களில் அதைக் குறைத்துவிட்டார்கள்.

கிரைண்டரிடம் ஆர்டர் கொடுக்கும்போது என்ன சொல்ல வேண்டும்?

கேமின் எண்ணைச் சொல்லாதீர்கள், காரைச் சொல்லுங்கள். என்ஜின் அளவு, போர், ஸ்ட்ரோக், கம்ப்ரஷன், வால்வு விட்டம், ஹெட்டில் செய்த வேலை, கார்புரேட்டரா இன்ஜெக்ஷனா, பிராஞ்ச், கியர் விகிதம், டயர் அளவு, காரின் எடை, பிரேக் சர்வோ உண்டா, எந்த ஊர், எந்த ஆர்பிஎம்-க்கு மேல் இழுக்க வேண்டும். இத்தனையும் கேட்காமல் அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டுபவரைவிட, கேள்வி கேட்டு உங்களைக் களைப்படைய வைப்பவர் நல்லவர்.

ஓடத் தொடங்கிய பிறகு எப்போது திறந்து பார்ப்பது?

ஓட்டிப் பழக்கிய உடனே எண்ணெயும் ஃபில்டரும் மாற்றுங்கள், பழைய ஃபில்டரை வெட்டி விரித்து வெயிலில் பாருங்கள். லேசான சாம்பல் நிறப் பசை சாதாரணம், அது அசெம்பிளி பேஸ்ட். மின்னும் துகள் இருந்தால் நிறுத்துங்கள். 500 கிலோமீட்டரில் சாலிட் டேப்பெட் இடைவெளிகளை அளந்து எழுதி வையுங்கள், 1,000-ல் மறுபடி அளந்து ஒப்பிடுங்கள். எல்லா வால்விலும் சிறிதளவு மாறியிருந்தால் பாகங்கள் உட்கார்ந்திருக்கின்றன. ஒரே ஒரு வால்வில் மட்டும் இடைவெளி கூடிக்கொண்டே போனால் அந்த லோப் தேய்கிறது, கேமை உடனே வெளியே எடுங்கள், அந்த இரும்புத்தூள் இப்போது எண்ணெயோடு பேரிங்குகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.